கேள்வி பதில்: கிரேக்கத் துன்பியல் நாடகம்

இந்த இதழில் கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். படிப்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் எழுதியிருக்கிறார்கள். மேடையேற்றத் துணிந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

முதுகலை இலக்கிய மாணவி, திருச்சி: சோபோக்ளீஸின் 'ஈடிப்பஸ் அரசன்' எங்களுக்குப் பாடம். அப்பனைக் கொன்று அம்மாவை மணந்தவன் கதை என்று முதல் நாளே தெரிந்துவிடுகிறது. ஏதென்ஸ் மக்களுக்கும் கதை முன்பே தெரியும் என்கிறார்கள். முடிவு தெரிந்த கதையில் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது?

பார்க்கிறவர்களுக்குத்தான் முடிவு தெரியும், மேடையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. தீப்ஸ் நகரத்து அரசன் ஈடிப்பஸ், தனக்கு முன் ஆண்ட லாயுஸைக் கொன்றவனைத் தேடுவதுதான் மேடையில் நடக்கும் கதை. யாருக்கு, எந்த இடத்தில், எது தெரியவருகிறது என்பதில்தான் இந்த நாடகம் முழுவதும் நிற்கிறது. ஒரு நீளத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஈடிப்பஸ், அவன் மனைவி ஜோகாஸ்டா, அவளுடைய சகோதரன் கிரியோன், குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ், ஈடிப்பஸ் வளர்ந்த கோரிந்து நகரிலிருந்து வரும் தூதன், கிழட்டு இடையன், சேர்ந்து பாடி ஆடும் குழுவான கோரஸ் என்று பெயர்களை எழுதுங்கள். மேல்வரிசையில் காட்சிகளை எழுதுங்கள். ஒவ்வொரு காட்சி முடிவிலும் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும் என்பதை ஒரு வரியில் குறித்துக்கொண்டே வாருங்கள். 1,530 வரி நாடகம் இது. ஒரு விடுமுறை நாளில் இந்த வேலையை முடித்துவிடலாம்.

முடித்ததும் கண்ணில் படும் முதல் விஷயம், உண்மை நாடகத்தின் முதல் கால்பகுதியிலேயே வெளிவந்துவிடுகிறது என்பது. 'நீ தேடும் கொலைகாரன் நீதான்' என்று டைரீசியஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். கோபத்தில் சொன்னதால் அது வசையாகக் காதில் விழுகிறது. கிரியோனோடு சேர்ந்து சதி செய்கிறார் என்று ஈடிப்பஸ் முடிவு கட்டிவிடுகிறான்.

அடுத்து ஜோகாஸ்டாவின் பேச்சைக் கவனியுங்கள். புருஷனைத் தேற்றத்தான் வாயைத் திறக்கிறாள். அருள்வாக்கெல்லாம் பொய், என் முதல் கணவர் லாயுஸ் மகன் கையால் சாவார் என்றார்கள், கடைசியில் மூன்று சாலைகள் கூடும் இடத்தில் வழிப்பறிக்காரர்கள் அல்லவா அவரைக் கொன்றார்கள், பிள்ளையையோ பிறந்த மூன்று நாளுக்குள் கணுக்கால்களைச் சேர்த்துப் பிணைத்து மலையில் எறியக் கொடுத்துவிட்டோம் என்கிறாள். ஒரே மூச்சில் இரண்டு தடயங்கள் வந்து விழுகின்றன. ஈடிப்பஸ் மூன்று சாலையைப் பிடித்துக்கொள்கிறான், கணுக்காலை விட்டுவிடுகிறான். தன் கணுக்காலில் தழும்போடு வளர்ந்தவன் அவன். லாயுஸைக் கொன்றது தானோ என்ற பயம் அங்கே பிடிக்கிறது. லாயுஸ் தனக்கு யார் என்ற கேள்வி இன்னும் எழவில்லை. இரண்டு உண்மைகளையும் ஒரே இடத்தில் உடைக்காமல் ஒன்றை மட்டும் கசியவிட்டதுதான் சோபோக்ளீஸின் கை.

பிறகு கோரிந்துத் தூதன் வருகிறான். அவனும் நல்ல சேதியோடுதான் வருகிறான். உங்கள் தந்தை பாலிபஸ் மன்னர் இறந்துவிட்டார், நீங்கள்தான் கோரிந்தின் அடுத்த அரசர் என்கிறான். அப்பனைக் கொல்வேன் என்ற அருள்வாக்கு பொய்த்தது என்று ஈடிப்பஸுக்கு நிம்மதி. ஆனாலும் தாய் மெரோப்பி உயிரோடு இருக்கிறாளே என்று தயங்குகிறான். அந்தப் பயத்தையும் போக்கிவிடலாம் என்று தூதன், 'அவர்கள் உங்களைப் பெற்றவர்களே இல்லை, கித்தைரோன் மலையில் லாயுஸின் இடையன் ஒருவன் என் கையில் கொடுத்த பிள்ளை நீங்கள்' என்கிறான். தலைகீழ்த் திருப்பத்துக்கு அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுவது இந்த இடத்தைத்தான். பயத்தைத் தீர்க்க வந்தவனே எல்லாவற்றையும் திறந்துவிடுகிறான்.

அந்தப் பேச்சு நடக்கும் நேரம் முழுவதும் ஜோகாஸ்டா பக்கத்தில் வாய் பேசாமல் நிற்கிறாள். கணுக்கால் என்ற சொல் காதில் விழும்போதே அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். ஈடிப்பஸ் அவள் பக்கம் திரும்பும்போது, விசாரிக்காதே, விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். நீ யாரென்று உனக்கு ஒருபோதும் தெரியவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். தன் பிறப்பு தாழ்ந்தது என்று தெரிந்து அவள் வெட்கப்படுகிறாள் என்று அவன் எண்ணிக்கொள்கிறான். நாம் அறிந்தது, அவள் அறிந்தது, அவன் அறிந்தது என்று மூன்று படிகள் ஒரே நேரத்தில் மேடையில் இருக்கின்றன. பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டதற்கு விடை இதுதான்.

இன்னொன்றையும் உங்கள் தாளில் குறித்துவையுங்கள். லாயுஸ் கொல்லப்பட்டபோது தப்பிய ஒரே ஆளும் அந்தக் கிழட்டு இடையன்தான். அவனுக்கு முதலில் ஆள் அனுப்பியது, லாயுஸைக் கொன்றவன் ஒருவனா பலரா என்று கேட்பதற்கு. அவன் வந்து சேரும்போது அந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. அதற்குள் விசாரணை 'யார் கொன்றது' என்பதிலிருந்து 'நான் யார்' என்பதற்குத் தாவிவிட்டது.

உதவிப் பேராசிரியர், மதுரை: ஈடிப்பஸின் கோபமே அவன் வீழ்ச்சிக்குக் காரணமான குணக்குறை என்று காலங்காலமாக எழுதிவருகிறோம். இது சரிதானா?

ஷேக்ஸ்பியருக்குப் பொருந்துவதை சோபோக்ளீஸ் மேல் போட்டுப் பார்க்கும் பழக்கம் இது. நாயகனின் குணத்திலேயே அவன் அழிவுக்கான வித்து இருக்கிறது என்ற பார்வையைப் பாடநூல்களில் பரப்பியதில் 1904இல் ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களைப் பற்றி ஏ.சி. பிராட்லி எழுதிய நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' 13ஆம் அத்தியாயத்தில் சொல்வது வேறு. முழு நல்லவன் வீழ்ந்தால் அருவருப்புதான் மிஞ்சும், கொடியவன் வீழ்ந்தால் இரக்கம் வராது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒருவன் கெட்ட குணத்தால் அல்லாமல் ஒரு பெரும் பிழையால் வீழ வேண்டும் என்கிறார். அதற்கு அவர் பயன்படுத்தும் சொல் ஹமார்ஷியா, அதாவது செயலில் நேரும் பிழை. பெரும்பாலும் ஒரு முக்கியமான விவரம் தெரியாமல் செய்வது.

கோபம் அவனுக்கு இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. சாலைச் சந்திப்பில் வண்டிக்காரன் அவனைத் தள்ளுகிறான், இவன் அவனை அடிக்கிறான், வண்டியிலிருந்த கிழவர் தார்க்குச்சியால் இவன் மண்டையில் போடுகிறார், இவன் கைத்தடியால் திருப்பி அடித்துக் கொல்கிறான். ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இறந்தவர் வேறு யாரோ ஒரு வழிப்போக்கர் என்றால் இந்தக் கோபம் அவனை எங்கே கொண்டுபோயிருக்கும்? ஒரு கொலைப் பழி, அவ்வளவுதான். தந்தையைக் கொன்றவனாக அவனை ஆக்கியது கோபம் அல்ல, தந்தை யாரென்று தெரியாமை. அந்தச் சாலைக்கு அவன் வந்து சேர்ந்ததே அப்பனைக் கொன்றுவிடக் கூடாது என்று கோரிந்தைவிட்டு விலகியதால். அதைவிடப் பொறுப்பான முடிவை யார் எடுத்திருக்க முடியும்? பின்னால் எழுதிய 'கொலோனஸில் ஈடிப்பஸ்' நாடகத்தில் அவன் இதையே வாதமாக வைக்கிறான்: அறியாமல் செய்தேன், என்னை அடித்தவனைத் திருப்பி அடித்தேன்.

இன்னும் தெளிவான உதாரணம் வேண்டுமென்றால் அதே சோபோக்ளீஸின் 'டிராக்கிஸ் பெண்கள்' நாடகத்தைப் பாடத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். டயனைரா, கணவன் ஹெராக்ளிஸின் மனம் வேறு பெண்ணிடம் போய்விட்டதை அறிந்து, வசிய மருந்து என்று நம்பி ஒன்றைத் தடவிய மேலங்கியை அவனுக்கு அனுப்புகிறாள். அது நஞ்சு. அவளிடம் குறையென்று தோண்டி எடுக்க எதுவுமில்லை. ஆனாலும் அவள் செயல்தான் அவனைக் கொல்கிறது.

விடைத்தாளில் மாணவர்கள் குணக்குறை என்று எழுதினால் மதிப்பெண்ணை வெட்ட வேண்டாம். எந்த வரியில் அந்தக் குணம் அழிவைக் கொண்டுவந்தது என்று காட்டச் சொல்லுங்கள். தேடிப் பார்க்கும்போது அவர்களே தடுமாறுவார்கள்.

நாடக ஆர்வலர், யாழ்ப்பாணம்: எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். கோரஸோடு ஈடிப்பஸை 75 நிமிடத்தில் போட விரும்புகிறோம். கோரஸை வெட்டிவிடச் சொல்கிறார்கள். ஒத்திகையில் எல்லாரும் சேர்ந்து பேசினால் பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி இழுபடுகிறது. என்ன செய்வது?

கோரஸை வெட்டாதீர்கள். ஏதென்ஸில் நாடகமென்றால் முதலில் கோரஸ்தான். போட்டியில் கலந்துகொள்ள அதிகாரியிடம் கவிஞன் கேட்பதே 'எனக்கு ஒரு கோரஸ் கொடுங்கள்' என்றுதான். செலவை ஒரு செல்வந்தர் ஏற்பார். பன்னிரண்டாக இருந்த கோரஸைப் பதினைந்தாக்கியவர் சோபோக்ளீஸ். உங்களிடம் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள் என்றால் ஐந்து பேர் வேடங்களுக்கு, ஏழு பேர் கோரஸுக்கு. ஏழுக்குக் கீழே போனால் கூட்டம் என்ற தோற்றம் கலைந்துவிடும்.

இழுபடுவதற்குக் காரணம் எல்லா வரியையும் எல்லாரும் சொல்வது. சேர்ந்து பேசும்போது ஒவ்வொருவரும் பக்கத்து ஆளுக்காகக் காத்திருப்பார்கள். வரியின் கடைசி அசை நீளும், அடுத்த வரி தாமதமாகும், பத்து வரிக்குள் வேகம் செத்துவிடும். ஒரு பாட்டில் மூன்று நான்கு வரிகளை மட்டும் எல்லாரும் சேர்ந்து சொல்வதற்கு ஒதுக்குங்கள். மற்றவற்றைச் சொற்றொடராகப் பிரித்து ஒருவர், இருவர், மூவர் என்று மாற்றிக் கொடுங்கள். சேர்ந்து சொல்லும் வரியில் எங்கே மூச்சு வாங்குவது என்று பிரதியிலேயே கோடு போட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் பேச்சே வேண்டாம், பறையோ உடுக்கோ ஒன்றை வைத்து ஒருவர் தாளம் போட மற்றவர்கள் அந்தத் தாளத்தில் நடந்தபடி வரியை முணுமுணுக்கட்டும். கால் ஒன்றானால் வாய் தானாக ஒன்றாகும். அசல் நாடகத்திலும் கோரஸ் ஆடிக்கொண்டே பாடியது. ஔலோஸ் என்ற இரட்டைக் குழல் கூடவே ஒலித்தது.

கோரஸ் பாட்டுகள் இரட்டை இரட்டையாக வரும். முதல் பத்தியின் சந்தத்திலேயே அடுத்த பத்தியும் அமையும். முதல் பத்திக்கு மேடையின் ஒரு பக்கம் நகர்ந்தால் இரண்டாவதற்கு எதிர்ப்பக்கம் நகருங்கள். கண்ணுக்கு ஒழுங்கு கிடைக்கும்.

நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ஈடிப்பஸும் கிரியோனும் சண்டையிடும் பகுதியைச் சுருக்குங்கள். கடைசியில் மகள்களோடு வரும் பகுதியையும் ஓரளவு குறைக்கலாம். தூதன் காட்சியில் ஒரு வரிகூடக் கை வைக்காதீர்கள். ஜோகாஸ்டா உள்ளே போனதும் வரும் சின்னப் பாட்டைப் பலரும் தேவையில்லை என்று வெட்டுகிறார்கள். அதில் கோரஸ், நம் அரசன் ஏதோ ஒரு தெய்வத்துக்குப் பிறந்த பிள்ளையாக இருக்குமோ என்று மகிழ்ந்து ஆடுகிறது. இடி விழுவதற்கு முந்தைய நிமிடத்துச் சந்தோஷம் அது. வெட்டினால் இடையன் வரும் காட்சிக்குப் பாதி பலம் போய்விடும். நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. அதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

கோரஸ் பேசாத நேரத்தில் சிலைபோல நிற்கவைக்காதீர்கள். அவர்கள் தீப்ஸ் நகரத்துப் பெரியவர்கள், சாவுகள் நடக்கும் ஊரில் அரசனை நம்பி வந்தவர்கள். யார் பேசுகிறாரோ அவர் பக்கம் தலை திரும்பினாலே போதும். அதற்கு மேல் தனித்தனியாக அபிநயம் பிடிக்கத் தொடங்கினால் பார்வையாளர் கண் ஈடிப்பஸைவிட்டு ஓடிவிடும்.

பள்ளி ஆசிரியை, புதுச்சேரி: மூன்றே நடிகர்கள் எல்லா வேடத்தையும் போட்டார்கள் என்பது உண்மையா? எப்படிச் சாத்தியம்?

உண்மை. இரண்டாம் நடிகரை ஈஸ்கிலஸும் மூன்றாம் நடிகரை சோபோக்ளீஸும் கொண்டுவந்தார்கள் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். பேசாத துணைவேடங்கள் இந்தக் கணக்கில் வராது. தலையையே மூடும் முகமூடி இருந்ததால் ஒருவர் உள்ளே போய் வேறு ஆளாகத் திரும்பிவர முடிந்தது.

ஈடிப்பஸில் இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஈடிப்பஸ், ஜோகாஸ்டா, கோரிந்துத் தூதன் மூவரும் ஒரு காட்சியில் இருக்கிறார்கள். ஜோகாஸ்டா உள்ளே போகிறாள். தூதன் மேடையைவிட்டு இறங்கவே இல்லை. அடுத்து இடையன் வந்து ஈடிப்பஸோடும் தூதனோடும் பேசுகிறான். ஆக, ஜோகாஸ்டாவாக இருந்தவரேதான் இடையனாக வர வேண்டும். அவர் உடை மாற்றி முகமூடி மாற்றி, மேடைப் பக்கவழியாகச் சுற்றி வருவதற்குக் கிடைக்கும் நேரம்தான் மேலே சொன்ன அந்தச் சின்னப் பாட்டு. பிள்ளையைக் கொல்லக் கொடுத்த தாயும், கொல்ல மனம் வராமல் அதைக் காப்பாற்றிய இடையனும் ஒரே குரல்.

கல்லூரி மாணவர், கோவை: முகமூடி செய்து பார்த்தோம். போட்டுக்கொண்டு பேசினால் குரல் உள்ளேயே அடைபடுகிறது. முகமும் செத்த முகமாகத் தெரிகிறது.

ஏதென்ஸில் துணியைப் பசையில் தோய்த்து விறைக்கவைத்துச் செய்தார்கள், முடியும் அதிலேயே சேர்ந்திருக்கும். அசல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பானை ஓவியங்களையும் சுடுமண் பொம்மைகளையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். நீங்கள் களிமண் அச்சின் மேல் செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் ஒட்டிச் செய்யலாம். ஐந்தாறு அடுக்கு போதும். ஒவ்வொரு அடுக்கும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தின் மேல் ஈரம் ஒட்டினால் காயும்போது கோணிக்கொள்ளும், உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

குரல் அடைபடுவதற்கு வாய்த் துளை சிறுத்திருப்பதே காரணம். உங்கள் உதட்டின் அகலத்தைவிட ஒரு விரல்கடை கூடுதலாகத் திறந்துவிடுங்கள். முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் சிறு நுரைத் துண்டுகளை ஒட்டி விரல் அளவு இடைவெளி விடுங்கள். முகம் செத்துத் தெரிவது நடிகர் கண்ணை மட்டும் உருட்டுவதால். முகமூடிக்குள் கண் எங்கே பார்க்கிறது என்பது மூன்றாம் வரிசைக்கே தெரியாது. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே மூக்கு திரும்ப வேண்டும், கழுத்தோடு தோளும் சேர்ந்து திரும்ப வேண்டும். சற்றே குனிந்தால் அதே முகம் துக்கமாகவும், நிமிர்ந்தால் தெளிவாகவும் தெரியும். கண்ணாடி முன்னால் இதைப் பழகிவிட்டு அப்புறம் வசனத்துக்குப் போங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சென்னை: காலம், இடம், செயல் என மூன்று ஒருமைகளையும் வகுத்தவர் அரிஸ்டாட்டில். சரியா?

செயல் ஒருமையை, அதாவது நாடகம் ஒரே செயலைச் சுற்றி அமைய வேண்டும் என்பதை, மட்டும்தான் அவர் வற்புறுத்தினார். காலத்தைப் பற்றி, சூரியனின் ஒரு சுற்றுக்குள் அடங்க முயல்கிறது என்று போகிறபோக்கில் சொல்கிறார். இடத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. மூன்றையும் விதியாகக் கட்டியவர் இத்தாலியரான காஸ்டெல்வெட்ரோ, 1570இல். பிறகு பிரான்சில் அது சட்டம்போல ஆனது. 1637இல் கார்னேயின் 'லெ சிட்' நாடகத்தை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. கிரேக்கர்களே இடத்தை மாற்றியிருக்கிறார்கள். ஈஸ்கிலஸின் 'யூமெனிடிஸ்' டெல்ஃபியில் தொடங்கி ஏதென்ஸில் முடிகிறது.

வாசகர், திருநெல்வேலி: கொலையும் தற்கொலையும் ஏன் திரைமறைவிலேயே நடக்கின்றன? மேடையில் காட்டினால் இன்னும் உருக்கமாக இருக்காதா?

காட்டவே கூடாது என்ற சட்டம் எதுவும் இல்லை. சோபோக்ளீஸின் 'அஜாக்ஸ்' நாடகத்தில் அஜாக்ஸ் கண்ணெதிரே வாளின் மேல் விழுகிறான் என்று கருதுவோர் பலர். ஆனாலும் சேதி சொல்பவன் வாயால் கேட்பதற்குத் தனி வலிமை உண்டு. ஈடிப்பஸில் அரண்மனை ஆள் ஏறத்தாழ ஐம்பது வரியில் சொல்வதை வரிசைப்படி பாருங்கள். ஜோகாஸ்டா ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறாள். உள்ளே செத்துப்போன லாயுஸின் பெயரைச் சொல்லி அழுகிறாள். ஈடிப்பஸ் கத்திக்கொண்டு வந்து தாழ்ப்பாள் பெயரக் கதவில் மோதுகிறான். அவள் தொங்குவதைப் பார்க்கிறான். கயிற்றை அவிழ்த்துக் கீழே கிடத்துகிறான். அதன் பிறகே அவள் உடையிலிருந்த ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். கதவு, கயிறு, ஊசி என்று கண் ஒவ்வொன்றாக நகர்கிறது. மேடையில் நடித்துக் காட்டினால் ஊசி உண்மையில் குத்தியதா என்றுதான் கூட்டம் பார்க்கும்.

இந்த வேடத்தை ஏற்பவர்கள் முதல் வரியிலேயே அழத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேயே காட்சி போய்விடுகிறது. அவன் சாட்சி. பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும், அழுகை பார்வையாளருடையது. தமிழில் இன்னொரு கவனம் தேவை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். மூச்சு தீர்ந்து கடைசிச் சொல்லை விழுங்கினால் என்ன நடந்தது என்பதே போய்விடும். 'கயிற்றை' என்பதில் இருக்கும் அழுத்தம் 'அவிழ்த்தான்' வரை நிற்கட்டும்.

ஆய்வு மாணவி, சென்னை: யூரிப்பிடீஸின் 'மெடியா' கடைசிப் பரிசு வாங்கியது என்கிறார்கள். அவ்வளவு பெரிய நாடகத்தை நடுவர்கள் எப்படி ஒதுக்கினார்கள்?

கி.மு. 431இல் நடந்தது. மூன்று கவிஞர்களில் யூரிப்பிடீஸுக்கு மூன்றாம் இடம். முதலிடம் ஈஸ்கிலஸின் மகன் யூஃபோரியனுக்கு, இரண்டாமிடம் சோபோக்ளீஸுக்கு. ஆனால் பரிசு தனி நாடகத்துக்கு அல்ல. ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், கேலியும் கும்மாளமுமான ஒரு சாட்டிர் நாடகமும் சேர்ந்த நான்கைப் போடுவார்கள், மதிப்பீடு அந்தத் தொகுப்புக்கு. மெடியாவோடு வந்த மற்ற மூன்றும் தொலைந்துவிட்டன. யூஃபோரியனின் நாடகங்களும் இல்லை. ஆகவே மெடியாவைத் தோற்கடித்தார்கள் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் போதாது.

அரிஸ்டாட்டிலுக்கு மெடியாவின் முடிவு பிடிக்கவில்லை. கதையின் சிக்கல் கதையிலிருந்தே அவிழ வேண்டும், நடிகரை உயரே தூக்கும் மேடைப் பாரந்தூக்கியில் ஏற்றி அனுப்பக் கூடாது என்கிறார். இதில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. கூரைக்கு மேலே தேரில், பிள்ளைகளின் உடல்களோடு மெடியா நிற்கிறாள். கீழே கணவன் ஜேசன் தொட்டுப்பார்க்கவாவது விடு என்று கெஞ்சுகிறான். மற்ற நாடகங்களில் தெய்வம் தோன்றும் உயரத்தில் பிள்ளைகளைக் கொன்ற தாய் நிற்பது பார்க்கிறவர்களை எந்தப் பக்கமும் சாயவிடாது. பாரந்தூக்கி வேண்டியதில்லை, ஆளுயர மேடைத்தட்டு ஒன்று போதும். ஜேசனின் கை எட்டாத உயரமாக இருந்தால் சரி.

கூத்து ரசிகர், விழுப்புரம்: எங்கள் பக்கத்துக் கர்ண மோட்சம் துன்பியல் நாடகம் ஆகாதா?

பெயர் சூட்டுவதைவிட, அரிஸ்டாட்டில் 14ஆம் அத்தியாயத்தில் கேட்கும் கேள்வியைக் கேட்டுப்பார்க்கலாம். உறவுக்குள் நடக்கும் கொலையில் யாருக்கு உண்மை தெரியும், எப்போது தெரியும்? கர்ணனுக்குப் போருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் துரியோதனன் சோற்றுக் கடனுக்காக நிற்கிறான். அர்ச்சுனனுக்குத் தெரியாது. வியாச பாரதத்தில் போர் முடிந்து நீர்க்கடன் கொடுக்கும்போது குந்தி வாய் திறந்த பிறகே பாண்டவர்கள் அறிகிறார்கள். ஒரே சாவில் ஒருவன் அறிந்து சாகிறான், மற்றவன் அறியாமல் கொல்கிறான். அரிஸ்டாட்டில் தனித்தனியாக வகைப்படுத்திய இரண்டும் இங்கே ஒன்றாக நிற்கின்றன. கூத்தின் நோக்கம் வழிபாட்டோடும் மோட்சத்தோடும் சேர்ந்தது என்பதால் முடிவின் சுவை வேறு. ஏதென்ஸ் நாடகமும் டயோனிசஸ் தெய்வத்தின் திருவிழாவில்தான் நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

நாடக எழுத்தாளர், தஞ்சாவூர்: நிலம் பறிபோய், மகன் இறந்து, மனைவி நோயில் விழும் ஒரு விவசாயியைப் பற்றி எழுதி மேடையேற்றினேன். பார்த்தவர்கள் அழுதார்கள். ஆனால் டி.வி. சீரியல் போல இருக்கிறது என்றும் சொன்னார்கள். எங்கே கோளாறு?

நீங்கள் சொன்ன மூன்றும் அவர் மேல் வந்து விழுகின்றன. அவர் எதையும் செய்யவில்லை. இது நடந்த பிறகு அது நடந்தது என்பதற்கும், இதனால் அது நடந்தது என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு என்கிறார் அரிஸ்டாட்டில். உங்கள் காட்சிகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் இடையே 'அதனால்' என்ற சொல்லைப் போட்டுப் படியுங்கள். பொருந்தாத இடமெல்லாம் ஓட்டை.

பிரதியைத் தூக்கிப்போட வேண்டாம். அவரை ஒரு காரியம் செய்யவையுங்கள், அதுவும் நல்ல நோக்கத்தோடு. தம்பியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார் என்று வையுங்கள். வீட்டில் சொன்னால் கலவரம் ஆகும் என்று மறைக்கிறார். நிலத்தை மீட்க வேண்டும் என்று மனைவி தன் நகையை விற்று மகனை வெளியூர் வேலைக்கு அனுப்புகிறாள், கையெழுத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அவள் விற்ற நகைப் பணம் போய்ச் சேரும் தரகன் அந்தத் தம்பிதான். இப்போது மகனுக்கு நேர்வது விதியின் அடி மட்டும் அல்ல. அவர் மறைத்ததாலும் அவள் அவசரப்பட்டதாலும் வந்தது. கெட்டவர்கள் யாரும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தம்பியையும் வில்லனாக்கிவிடாதீர்கள், ஆக்கினால் பழியெல்லாம் அவன் மேல் ஏறி மற்றவர்கள் லேசாகிவிடுவார்கள்.

அடுத்து, முதல் பதிலில் சொன்ன தாளைப் போட்டு, கையெழுத்து விஷயம் யாருக்கு எந்தக் காட்சியில் தெரிகிறது என்று நிர்ணயியுங்கள். பார்வையாளருக்கு முதல் காட்சியிலேயே சொல்லிவிடுங்கள். மனைவிக்குக் கடைசிக்கு முந்தைய காட்சியில் தெரியட்டும். அதைச் சொல்பவர் நல்ல சேதி சொல்ல வந்தவராக இருந்தால் உத்தமம். கடன் தீர்ந்துவிட்டது, ஜாமீன்தாரருக்கு இனித் தொல்லை இல்லை என்று வங்கியிலிருந்து ஒருவர் வந்து சிரித்துக்கொண்டே சொல்லலாம். நோயை எடுத்துவிடுங்கள், அது எதனாலும் வரவில்லை.

வாசகர், ஈரோடு: இத்தனை பெரிய கவிஞர்கள் எழுதியதில் நமக்குக் கிடைத்தது எவ்வளவு?

ஈஸ்கிலஸ் பெயரில் 7, சோபோக்ளீஸ் 7, யூரிப்பிடீஸ் பெயரில் 19. சோபோக்ளீஸ் மட்டும் 120 அளவில் எழுதியவர். ஈஸ்கிலஸின் 'கட்டுண்ட பிரமீதியஸ்', யூரிப்பிடீஸின் 'ரீசஸ்' இரண்டும் அவர்கள் எழுதியவைதானா என்பதில் சந்தேகம் உண்டு. பாடத்துக்கென்று பொறுக்கியவையே பெரும்பாலும் படியெடுக்கப்பட்டு மிஞ்சின. யூரிப்பிடீஸுக்கு மட்டும் ஒரு நல்ல தற்செயல் நேர்ந்தது. அகரவரிசையில் அடுக்கிய அவரது முழுத் தொகுப்பில் நடுவில் ஒரு பகுதி தப்பி, ஃபிளாரன்ஸின் லாரன்ஷியன் நூலகச் சுவடியில் வந்து சேர்ந்தது. 'ஹெலன்', 'அயோன்', 'டாரிஸில் இஃபிஜெனியா', முழுதாகக் கிடைத்த ஒரே சாட்டிர் நாடகமான 'சைக்ளோப்ஸ்' உட்பட 9 நாடகங்கள் அப்படிக் கிடைத்தவை. யாரும் பொறுக்காமல் வந்தவை என்பதால் அவற்றில் மகிழ்ச்சியாக முடியும் துன்பியல் நாடகங்களும் இருக்கின்றன. 'டாரிஸில் இஃபிஜெனியா'வில் அக்காள் தம்பியைப் பலி கொடுக்கப் போகும் நேரத்தில், ஒரு கடிதத்தால் தம்பி அவளை அடையாளம் கண்டுகொள்கிறான், பிறகு அவன் சொல்லும் அடையாளங்களால் அவளும் அவனை அறிகிறாள். கொலைக்கு முன்பே உண்மை தெரியவரும் இந்த அமைப்பைத்தான் 14ஆம் அத்தியாயத்தில் அரிஸ்டாட்டில் எல்லாவற்றிலும் சிறந்ததாக வைக்கிறார்.